நின்ற இடத்தில் ஒரு கல்

"தினமும் நாலு கிலோமீட்டர் நடக்குறேன். சர்க்கரை ஒரு புள்ளிகூடக் குறையலை. இது என்ன நியாயம்?"

வைரமணி டீச்சர் இப்படித்தான் வந்து நின்றாள். வணக்கம் இல்லை. எப்படி இருக்கே என்ற விசாரிப்பும் இல்லை. நேராகச் சண்டைதான்.

விடிந்தும் விடியாத நேரம். ஊருணிக் கரையில் பதினைந்து பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு வைப்பார்களே, அதற்குத் தயாராகிறவர்கள். அவர்களை ஓட வைப்பவள் அமலி. வயது முப்பது. கழுத்தில் விசில் தொங்கும். வாயில் பேச்சு குறைவு.

"எங்க நடக்குறீங்க டீச்சர்?"

"எங்க வீட்டு மொட்டை மாடியில. எட்டு போட்டு."

அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடந்தார்கள். தரையில் சாக்பீஸால் பெரிதாக ஓர் எட்டு வரைய வேண்டியது. அந்தக் கோட்டின் மேலேயே சுற்றிச் சுற்றி நடக்க வேண்டியது. சர்க்கரை, பிரஷர், முட்டிவலி எல்லாம் ஓடிப்போகும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"எட்டுன்னா ஏனோதானோன்னு போட்டது இல்ல. கயிறு கட்டி வரைஞ்சேன். ஒரு சுத்துக்கு இருபத்தஞ்சு மீட்டர். நூத்தி அறுபது சுத்து. கணக்கு சரியா இருக்கு. உடம்பு மட்டும் ஒத்துக்க மாட்டேங்குது. இங்க பாரு அமலி..."

"இங்க எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடுவாங்க டீச்சர்."

வைரமணிக்குச் சுருக்கென்றது.

பதினைந்து வருடங்களுக்கு முன் இதே அமலி அவளிடம் பத்தாம் வகுப்பு படித்தாள். கணக்கு அவளுக்கு வரவே வராது. வீட்டுப்பாடம் எழுதாத நாளெல்லாம் வைரமணி அவளை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டாள். வருட முடிவில் அமலி கணக்கில் முப்பத்தாறு வாங்கினாள். மாவட்ட ஓட்டப் போட்டியில் முதலாவது வந்தாள்.



"மாஸ்டர்," என்றாள் வைரமணி.

"சொல்லுங்க டீச்சர்."

"டாக்டர் மூணு மாசம் கெடு குடுத்திருக்கார். அதுக்குள்ள குறையணும். இல்லேன்னா ஊசி."

"ஊசிக்குப் பயமா?"

"ஊசிக்கு யாரு பயந்தா?"

வைரமணி ஊருணிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க அம்மாவுக்கு வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. சர்க்கரைதான். அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தாங்க. இல்லாத கால் அரிக்குது, சொறிஞ்சு விடுடின்னு கூப்பிடுவாங்க. நானும் போய்ப் பாயைச் சொறிஞ்சு விடுவேன்."

அமலி விசிலை எடுத்தாள். ஊதவில்லை. கீழே விட்டாள்.

"நாளைக்கும் எட்டு நடங்க. எங்கெல்லாம் நிக்குறீங்களோ, அங்கெல்லாம் ஒரு கல்லை எடுத்து வச்சுக்குங்க. கல்லோட வாங்க."

"நான் நிக்கவே மாட்டேனே!"

"அப்போ வெறுங்கையோட வாங்க."

*

மறுநாள் வைரமணி டிபன் டப்பாவோடு வந்தாள். திறந்தாள். உள்ளே இருபத்தேழு கற்கள்.

வைரமணியின் வீட்டில் ஆண்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் உடம்பின் மேல் அக்கறை அதிகம்.

கணவர் சொக்கலிங்கம் காலையில் வெந்தயத் தண்ணீர் குடிப்பார். ஊற வைப்பவள் வைரமணி. மகன் இனியன் உடற்பயிற்சிக்கூடம் போகிறான். ஒரு நாளைக்கு ஆறு முட்டை, மஞ்சள் கரு நீக்கி. வேக வைப்பவளும் நீக்குபவளும் வைரமணி. மாமனாருக்கு முட்டிக்கு எண்ணெய், சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, பின் இரண்டு. எடுத்துக் கொடுப்பவள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று பேருக்கும் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் கச்சிதம். டாக்டரே பாராட்டினார். "நல்லா உடம்பைப் பாத்துக்குறீங்க சார்" என்று சொக்கலிங்கத்தின் கையைக் குலுக்கினார். சொக்கலிங்கமும் கூச்சப்படாமல் குலுக்கிக்கொண்டார்.

வைரமணி கற்களைப் பிரித்து வைத்தாள்.

"இது பதினொண்ணும் இனியன். முட்டை வெந்துருச்சா, நகவெட்டி எங்க, துண்டு எங்க, சார்ஜர் எங்க... இந்த ஒன்பது அவரு. மோட்டார் போடவா, மோட்டார் நிறுத்தவா, பால்காரர் வந்துட்டாரா, பேனா எங்க. பேனா அவரு சட்டைப் பையில இருந்துச்சு. இது ஆறு மாமா. மாத்திரை, தண்ணி, மறுபடியும் மாத்திரை. மாடிப்படி வழியாக் கூப்பிடுவாங்க. நானும் படிக்கிட்ட வந்து நின்னு பதில் சொல்லுவேன். எட்டுல சுத்திச் சுத்தி அந்தப் படிக்கிட்டதானே வரணும்?"

"ஒரு கல் மிச்சம் இருக்கே."

வைரமணி அதை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"அது... நான் தண்ணி குடிக்க நின்னேன்."

"அது உங்களது. வச்சுக்குங்க. மத்ததையெல்லாம் அவங்கவங்ககிட்ட குடுத்துருங்க."

"குடுத்து?"

அமலி விசில் ஊதினாள். பதினைந்து பெண்களும் திரும்பி ஓடினார்கள்.

*

காலைச் சாப்பாட்டு நேரம். வைரமணி இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கற்களை வைத்தாள். கணவருக்கு ஒன்பது, மகனுக்குப் பதினொன்று, மாமனாருக்கு ஆறு.

"இந்தாங்க. உங்க உங்க கல்."

சொக்கலிங்கம் ஒவ்வொன்றாக எண்ணினார். அவர் முகம் மாறியது.

"ஒன்பது கல்லு... யாரு குடுத்தா?"

"மாஸ்டர் குடுக்கச் சொன்னாங்க."

"நவக்கிரகம்! எனக்கு நேரம் சரியில்லைன்னு அந்த மாஸ்டருக்கு எப்படித் தெரிஞ்சது?"

எழுந்து கையைக் கழுவினார். ஒன்பது கல்லையும் பூஜை அலமாரியில் வரிசையாக வைத்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இனியன் தன் கற்களைக் கழுவி மீன் தொட்டிக்குள் போட்டான். "செம லுக்கா இருக்கும்மா. இன்னும் ரெண்டு பெருசாக் கிடைக்குமா?"

மாமனாரின் செய்தித்தாள் மின்விசிறிக் காற்றில் பறந்துகொண்டே இருக்கும். நாலு மூலைக்கு நாலு கல் வைத்தார். மிச்சம் இரண்டைப் பத்திரமாகப் பனியன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நாளா இது ஒரு தொல்லையா இருந்துச்சும்மா," என்றார்.

வைரமணி மறுநாள் ஊருணிக்கு வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"மூணு பேருக்கும் கல்லு எதுக்குப் பயன்படும்னு தெரிஞ்சிருக்கு மாஸ்டர். எதுக்காகக் குடுத்தேன்னு ஒருத்தர் கேக்கல!"

அமலி அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். நவக்கிரகத்தை நினைத்து நினைத்துச் சிரித்தாள். விசில் ஊத முடியாமல் சிரித்தாள்.

பிறகு, "சாயந்தரம் வீட்டுக்கு வர்றேன்," என்றாள்.

*

அமலி மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். எட்டைப் பார்த்தாள். சுற்றி நடந்து வந்து இன்னொரு பக்கமிருந்தும் பார்த்தாள்.

"அழகா இருக்கு டீச்சர். உங்க வட்டம் எப்பவுமே சுத்தம்."

வைரமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரி, இது எங்க முடியுது?"

"எட்டு எங்கயும் முடியாது. அதானே அதோட சிறப்பு? போயிட்டே இருக்கலாம்."

"எவ்வளவு வருஷமா?"

"ரெண்டு."

துணி காயப்போட்டிருந்த கொடியில் பழைய வேட்டி ஒன்று தொங்கியது. அமலி அதை எடுத்தாள். வாளித் தண்ணீரில் முக்கினாள். மண்டியிட்டு உட்கார்ந்தாள். எட்டின் ஒரு வட்டத்தை அழுத்தித் துடைத்து அழித்தாள்.

"அய்யோ! கயிறு கட்டிப் போட்டது!"

அமலி துடைத்துக்கொண்டே இருந்தாள். தெற்கு வட்டம் போயிற்று. வடக்கு வட்டம் மட்டும் ஈரத் தரைக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்தது.

"பாதி எட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அது எட்டே இல்ல. பூஜ்ஜியம்!"

அமலி எழுந்தாள். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். தெரு தெரிந்தது. தெரு முனையில் மாவு மில். அதைத் தாண்டி ஊருணி. வெயில் பட்டுத் தண்ணீர் பளபளத்தது.

"மீதிப் பாதி அங்க இருக்கு."

"அங்கயா?"

"உங்க வீட்டு கேட்டுல ஆரம்பிச்சு, ஊருணியைச் சுத்தி, திரும்ப கேட். ரெண்டேகால் கிலோமீட்டர். நடந்து இல்ல, ஓடி. ஒரு சுத்து, ஒரு இடத்துலயும் நிக்காம. முடிச்சிட்டு வாங்க. சர்க்கரையைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசு மாஸ்டர். இந்த வயசுல ரோட்டுல ஓடுன்னு சொன்னா?"

"என்னை ஓடச் சொன்னப்ப எனக்குப் பதினஞ்சு. நான் வயசைக் காட்டி வாதாடலையே."

"நீ வீட்டுப்பாடம் எழுதலை!"

அமலி ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"நீங்க எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

*

வைரமணி மறுநாள் ஓடினாள்.

சுடிதாரின் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டாள். இனியனின் பழைய ஷூ. முன்பக்கம் துணி அடைத்ததும் சரியாக இருந்தது. கேட்டைத் திறந்தாள். ஓடினாள்.

தெருவில் முப்பது அடி போவதற்குள் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன டீச்சர்? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு ஓடினால் என்னமோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது.

"ஏறுங்க டீச்சர், ஏறுங்க! ஆஸ்பத்திரிக்குத்தானே?"

"இல்ல, சும்மா ஓடுறேன்."

"சும்மா யாராச்சும் ஓடுவாங்களா? ஏறுங்க, காசு வேணாம்!"

மாவு மில்காரர் கல்லாவை விட்டு இறங்கிப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்தார். பால்காரர் சைக்கிளைத் திருப்பினார். வைரமணி மூச்சு வாங்கி நின்றபோது, ஊருணிக்குப் பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. பேச வாய் வரவில்லை. கையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கை வீட்டுப் பக்கமாகத் திரும்பியிருந்ததை எல்லாரும் கவனித்தார்கள்.

ஒரு குடும்பப் பெண், விடியற்காலையில், ரோட்டில் ஓடுகிறாள். வீட்டில் ஒரு முதியவர் இருக்கிறார். ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்தது. விடை வந்தது.

அவள் வீடு திரும்பியபோது வாசலில் பத்துப் பேர். இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். ஒருவர் சொக்கலிங்கத்தின் தோளைத் தொட்டு, "எத்தனை மணிக்கு?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சொக்கலிங்கம் லுங்கியோடு, "எது எத்தனை மணிக்கு?" என்று முழித்துக்கொண்டிருந்தார்.

மாமனார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் செய்தித்தாள். மடியில் நாலு கல்.

"இந்தப் பையன் என்னையப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டான்," என்றார், வாசலில் நின்ற ஒரு பையனைக் காட்டி. குரல் நடுங்கியது. துக்கத்தால் இல்லை, கோபத்தால். "மாலை வாங்கிட்டு வந்திருக்கான்! ரோஜா மாலை!"

அன்று முழுக்க வீட்டில் யாரும் வைரமணியோடு பேசவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் இனியன் மட்டும் பேசினான். "அம்மா, முட்டை?"

*

"ஓடினா ஊரே கூடுது மாஸ்டர். மாமாவுக்கு மாலையே வந்துருச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"நாளைக்கும் ஓடுங்க."

"மறுபடியும் கூடுவாங்க!"

"ரெண்டாவது நாளும் அதே ஆள் சாக மாட்டார்."

வைரமணி ஓடினாள். இரண்டாவது நாள் நாலு பேர் வாசலுக்கு வந்தார்கள். மூன்றாவது நாள் எதிர்வீட்டு அம்மா மட்டும். பத்தாவது நாள் அந்த அம்மாவே, "இன்னைக்கு லேட்டு டீச்சர்," என்றார்.

ஊர் சரியாயிற்று. வீடு ஆகவில்லை.

கையில் செல்போன் இருந்தது. ஓட ஓட அடித்தது. எடுத்து எடுத்துப் பேசினாள். பேசும்போதெல்லாம் நின்றாள்.

ஒரு நாள் அமலி உள்ளங்கையை நீட்டினாள்.

"வீட்டுல ஏதாச்சும் அவசரம்னா?"

கை நீட்டியபடியே இருந்தது. வைரமணி செல்போனைக் கொடுத்தாள். தன் காலையே கழற்றிக் கொடுப்பது போல இருந்தது.

ஓடி வந்து திரும்ப வாங்கிப் பார்த்தாள். பதினான்கு அழைப்புகள்.

"பாருங்க மாஸ்டர், பதினாலு! வீடு தீப்பிடிச்சிருந்தா?"

"பிடிச்சிருந்துச்சா?"

வைரமணி வீட்டுக்குப் பேசினாள். கேட்டாள். வைத்தாள்.

"சீரகம் எங்கன்னு கேட்டிருக்காரு."

"கிடைச்சதா?"

"கிடைச்சிருச்சாம்."

"எங்க இருந்துச்சாம்?"

வைரமணி எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "சீரகம்னு எழுதி ஒட்டுன டப்பாவுல."

அன்றிலிருந்து செல்போன் அமலியின் பையில் இருந்தது.

ஓட்டம் எளிதாக வரவில்லை. முதல் வாரம் மாவு மில். மூன்றாவது வாரம் ஊருணியின் முதல் படித்துறை. ஐந்தாவது வாரம் மூச்சு நெஞ்சில் அடைத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் பெண்கள் தாண்டி ஓடினார்கள். அவர்களில் ஒருத்தி முத்துராக்கு, போன வருடம்தான் வைரமணியிடம் பிளஸ் டூ முடித்தவள்.

"டீச்சர், உக்காந்தா ஆப்சென்ட் போடுவீங்களே!" என்று கத்திவிட்டுப் போனாள்.

"இரு, உனக்கு வேலை கிடைச்சதும் உங்க ஸ்டேஷனுக்கே வந்து கம்ப்ளெய்ன்ட் குடுக்குறேன்!" என்று கத்தினாள் வைரமணி. கத்துவதற்கு மூச்சு இருந்தது. அப்படியென்றால் ஓடுவதற்கும் இருக்கும். எழுந்தாள்.

வீட்டில் முட்டை தானாக வெந்தது என்று சொல்ல முடியாது. முதலில் தீய்ந்தது. பிறகு வெடித்தது. ஏழாவது வாரம் வெந்தது. மாமனார் மாத்திரை டப்பாவைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார். மருமகளை நம்பினால் ஊர் மாலையோடு வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

சொக்கலிங்கம் மட்டும் தளரவில்லை. தினமும் அவளுக்கு ஒரு செய்தி அனுப்புவார். ஓடினால் முட்டி தேயும். ஓடினால் கர்ப்பப்பை இறங்கும். நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஓடக் கூடாது என்று எங்கோ ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எந்த டாக்டர்?" என்று கேட்டாள்.

"பேரு போடலை."

"பேரில்லாத டாக்டருக்காக நான் பேருள்ள காலை விட முடியாதுங்க."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் வைரம்."

"அப்படின்னா வெந்தயத்தை நீங்களே ஊற வச்சுக்குங்க. அதுவும் என் நல்லதுக்குத்தான்."

அவர் ஊற வைத்துக்கொண்டார். மூன்று நாள் பேசாமல்.

*

மூன்று மாதக் கெடுவுக்குக் கடைசி ஞாயிறு. திங்கட்கிழமை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்.

அதுவரை வைரமணி ஒரு முழுச் சுற்றை முடித்ததில்லை. ஒவ்வொரு நாளும் எங்காவது ஓர் இடத்தில் நின்றுவிடுவாள். நின்ற இடத்தில் அமலி ஒன்றும் கேட்க மாட்டாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று கேட்டைத் தொட்டுவிட்டுக் கிளம்பினாள். துப்பட்டா முடிச்சில் அந்த ஒற்றைக் கல் இருந்தது, அவளுடையது.

மாவு மில் போயிற்று. முதல் படித்துறை போயிற்று. அமலி மரத்தடியிலிருந்து கிளம்பிக் கூடவே ஓடி வந்தாள். பிள்ளையார் கோயில் வந்தது. வைரமணி பிள்ளையாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்காரச் சொல்வார்.

இரண்டாவது படித்துறை. மூன்றாவது. இதற்கு முன் அவள் ஓடி வராத இடம். தொடை எரிந்தது. வலது கால் எரிந்தது, இடது கால் எரிந்தது. இரண்டும் எரிகின்றன என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அப்போதுதான் பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பாள்.

"வைரம்! வைரம்! ஒரு நிமிஷம் நில்லு!"

சொக்கலிங்கம் பக்கத்தில் வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். வேகத்தைக் குறைத்து அவளுக்கு இணையாக உருட்டினார்.

வைரமணியின் கால்கள் தாமாகவே நிற்கப் பார்த்தன. இருபத்தாறு வருடப் பழக்கம். கூப்பிட்டால் நிற்கும்.

"ஓடிக்கிட்டேதான் இருக்கேன். கேளுங்க."

"முக்கியமான விஷயம்டி. நின்னு கேளு."

"நிக்க மாட்டேங்க."

"வண்டியை ஓட்டிக்கிட்டு எப்படிப் பேசுறது? பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கிறான்!"

"அப்போ வண்டியை விட்டுட்டு வாங்க."

சொக்கலிங்கம் அமலியைப் பார்த்தார். ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். அமலி ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டர் நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பிறகு ரப்பர் செருப்பு பட் பட்டென்று தார் ரோட்டில் அடிக்கும் சத்தம்.

அவர் வந்து சேர்ந்துகொண்டார். ஒரு கையில் லுங்கி. இன்னொரு கையில் வண்டிச் சாவி.

"வந்து... என்னன்னா..."

"சொல்லுங்க."

"காலையில... நான்..."

"ம்."

"இரு, மூச்சு... மூச்சு வாங்குது..."

"ஆமா. முதல்ல அப்படித்தாங்க இருக்கும்."

இருபது அடி ஓடினார். நாற்பது அடி ஓடினார். ஒரு செருப்பு கழன்று பின்னால் தங்கியது. திரும்பிப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒற்றைச் செருப்போடு இன்னும் பத்து அடி ஓடினார். வெந்தயத் தண்ணீர் குடித்த உடம்பு. டாக்டர் கை குலுக்கிய உடம்பு.

எதிரே வந்த ஆட்டோ வேகத்தைக் குறைத்தது.

"என்ன சார், என்ன ஆச்சு? ஏறுங்க! ஆஸ்பத்திரிக்கா?"

சொக்கலிங்கம் நின்றுவிட்டார். குனிந்து இரண்டு முட்டியிலும் கையை ஊன்றிக்கொண்டார்.

வைரமணி நிற்கவில்லை. மாவு மில்லுக்குத் திரும்பும் முனை வந்துவிட்டது. ஓடிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க! என்ன கேக்க வந்தீங்க?"

பின்னாலிருந்து கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. பிறகு குரல் வந்தது.

"மறந்துபோச்சு!"

அமலியின் காலடிச் சத்தம் பக்கத்தில் இல்லை. அவள் பின்தங்கி நின்றுவிட்டாள் என்று வைரமணிக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தெரு நேராகக் கிடந்தது. தெருக்கோடியில் அவள் வீட்டு கேட் தெரிந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு மாமனார் நின்றிருந்தார், உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஊருக்குக் காட்டுவதைப் போல.

பின்னால் பேச்சு கேட்டது.

"என்னம்மா இது? எதுக்குக் கையில கல்லைக் குடுக்குறே?"

"நீங்க நின்ன இடம், சார்."